சின்னச்சாமி வேலி முள்

பஞ்சர் ஒட்டுகிறவனிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த உங்களுக்கு இது தெரியும். வந்ததும் முதலில் கேட்பது, "எதனால ஆச்சு?" என்றுதான். தெரியாது என்றால் தொழிலுக்கு மரியாதை இல்லையே என்று நானும் எதையாவது சொல்லிவிடுவேன். எருமப்பட்டி சாலையில், லாரி டயர் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் என் சைக்கிள் கடையில், அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

ஏழு மணி வண்டி

ஒரு நாள் காலை ஆறரைக்கு, சைக்கிளில் பால் கொண்டுபோகும் செங்கோடன் வந்தார். கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன். பின் சக்கரத்தில் காற்றில்லை. பால் சொசைட்டியிலிருந்து வண்டி ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். விட்டால் அன்றைய பால் வீட்டோடு. அவசரமாக டியூபை உருவித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்து ஒட்டினேன். டயருக்குள் தடவிப் பார்த்தால் முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை. "வேலமுள்ளுங்க. குத்திட்டு விழுந்திருக்கும்" என்றேன்.

அவர் வருகிற தடத்தில் ஒரே ஒரு முள்வேலிதான். அது அவருடைய பங்காளி சின்னச்சாமியுடையது; தடமே அவர் நிலத்தின் வழியாகத்தான்.

"நெனச்சனுங்க! அவன் வேலி முள்ளு என்னையத் தேடி வந்து குத்துமுங்க."

பஞ்சாயத்து

நான்காம் நாள் அதே சக்கரம். என் ஒட்டை அவர் சந்தேகப்படவில்லை. மறுபடியும் முள்ளா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பாலை ஊற்றிவிட்டு நேரே போய்ச் சின்னச்சாமியிடம் சத்தம் போட்டிருக்கிறார். அவரோ, இனி என் காட்டு வழியே வரவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தடத்தில் கல் நடுகிறேன் என்றுவிட்டார். தார்ச்சாலையைச் சுற்றி வந்தால் பால் வண்டியைப் பிடிக்க முடியாது. செங்கோடன் மாட்டை விற்க வேண்டியதுதான்.

மறுநாள் சின்னச்சாமி மொபெட்டில் கடைக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"ஏப்பா, காத்தடிக்கற கடையில பஞ்சாயத்தும் பண்றீங்களா?"

டியூபின் உள்பக்கம்

சனிக்கிழமை மூன்றாவது பஞ்சர். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ஆனதால் அவசரமில்லை. அப்போதுதான் பார்த்தேன்: என் இரண்டு ஒட்டுகளும் புது ஓட்டையும் அருகருகே, அதுவும் ரிம்மைத் தொடும் உள்பக்கத்தில். சாலையில் கிடக்கும் முள் அங்கே எப்படிப் போகும்? ரிம்மைத் தடவினேன். உள்ளே சுற்றியிருந்த ரப்பர் பட்டை விலகி, ஒரு ஸ்போக்கின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. விரலில் ரத்தம் வந்தது.

முனையை அரத்தால் ராவி, புதுப் பட்டை போட்டு, பேசாமல் அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் ஞாயிறு, கல் நடும் நாள். அப்போதே கடையைச் சாத்திவிட்டுச் செங்கோடனோடு சின்னச்சாமி காட்டுக்குப் போனேன். கல் தயாராகக் கிடந்தது. "தப்பு என்னுதுங்க, முள்ளே இல்லீங்க, ஸ்போக்கு முனைங்க" என்று விரலை நீட்டினேன். சின்னச்சாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கல்லைக் காலால் வரப்போரம் உருட்டிவிட்டார்.

"பாத்தியா செங்கோடா, என் வேலி முள்ளு கடைக்காரரையும் உட்டு வெக்கல!"

இப்போதெல்லாம் முதலில் ரிம்மைத் தடவுகிறேன். முள்தான் என்று உறுதியாகத் தெரிந்தாலும், வருகிற வழியில் வேலி யாருடையது என்று கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.