குளத்துக்குள் ஓர் அடிக்கல்

தவளக்குப்பம் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிராவல் ஏற்றிய டிப்பர் ஒன்று உரசிக்கொண்டு போனது. அந்தச் செம்மண் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவர் தள்ளிப்போய் நின்றார். நீங்களாவது கேளுங்கள்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் வறண்டு கிடந்த எங்கள் ஊர்க் குளத்துக்குள், மண்டபம் கட்டவென்று தொகுதி எம்.எல்.ஏ. அடிக்கல் நாட்டினார். மறுநாளே பஞ்சாயத்து ஆபீஸ்காரர்கள் கிராவல் கொட்ட ஆரம்பித்தார்கள். ஊருக்கு இருந்ததே அந்த ஒரு குளம்தான். டிராக்டர் ஓட்டும் கண்ணியப்பன் அண்ணன் சென்னைக்குப் போய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்.

"சட்டம் போடறவரே அந்த எம்.எல்.ஏ.தான், ஆபீஸும் அவுரு பக்கம். கோர்ட்டு இன்னாண்ணே பண்ணிடும்?" என்றேன்.

"சமைச்சவனே உப்பு சரியா கீதுன்னு சொல்லிக்கினா ஆச்சாடா? ருசி பாக்க வேற ஆளு வோணும்."

தீர்ப்பு வரும்வரை எல்லாம் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டிப்பர் நின்றது, என் தூக்கமும் போனது. இருக்கிறபடியே என்றால்? மழையில் தண்ணீர் ஏறினால் யார் குற்றம்? எருமை இறங்கிக் குடித்துவிட்டால் யாரைப் பிடிப்பார்கள்? நான் புலம்பிய புலம்பலில் ஊரே பயந்துபோய், குளம் நிரம்பியும் ஒருவரும் கால் நனைக்கவில்லை. தாகத்தில் முரண்டு பிடித்த எங்கள் வீட்டு எருமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன்.

துணிமூட்டையோடு வந்த செல்வி அக்கா பார்த்தார். "இன்னாடா, எருமைக்கும் ஸ்டே வாங்கிக்கினியா?"

அண்ணன் வக்கீலுக்குப் போன் போட்டார். மறுமுனையில் வெகுநேரம் சிரிப்புச் சத்தம். "மண்ணு கொட்டக்கூடாதுன்னுதான்டா சொன்னாங்களாம். தண்ணி குடிக்கலாமாம்." அவர் முடிப்பதற்குள் எருமை பாய்ந்தது, கயிற்றோடு நானும்.

குளம் குளம்தான், கொட்டியவர்களே அள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்த அன்று, அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வெள்ளைச் சட்டையோடு குதித்தார். பின்னாலேயே ஊரும். கிராவலை அள்ளிய ஜேசிபி இடித்ததில், எம்.எல்.ஏ. பெயர் பொறித்த அடிக்கல் படித்துறையோரம் மல்லாந்தது. அதைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றுமில்லை என்பதால் யாரும் அப்புறப்படுத்தவில்லை. செல்வி அக்காவுக்கு நல்ல துவைகல்லாயிற்று. "எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் வர்றவரு, இப்ப தெனம் ஒழைக்கிறாருடா," என்பார்.

இப்போது எருமை இல்லை. அக்கா வீட்டில் வாஷிங் மிஷின். சேறு மூடி அந்தக் கல்லும் எங்கோ உள்ளே போய்விட்டது. தண்ணீர் வற்றும்போது காலால் துழாவிப் பார்ப்பேன், கிடைத்துவிட்டால் யாரிடம் சொல்லியாக வேண்டுமோ என்று பயந்துகொண்டே.