தாழ்த்திய காரும் என் கணவரின் வயிறும்

பெண் பார்க்க வந்த அன்று அவர் எங்கள் வாசலில் நின்றிருந்த காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "செம்மையா இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் பாதி சம்மதித்துவிட்டேன். காரில் ஏறினால் வாந்தி வரும் என்பதை அன்று அவரும் சொல்லவில்லை, அவர் வீட்டாரும் சொல்லவில்லை.

நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் பழைய செடான் அது. நான் மருந்து கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். விடுமுறை நாட்களில் காலி மைதானத்தில் கூம்புகளை நிறுத்தி, அவற்றுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டிகளுக்குப் போவேன். அதற்காகவே ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்றி, காரைத் தாழ்த்தி, நன்றாக இறுக்கி வைத்திருந்தேன். வளைவில் திருப்பினால் தண்டவாளத்தில் போவது மாதிரி போகும். சாலைப் பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பை எண்ணிவிடலாம்.

கல்யாணம் முடிந்து அரியாங்குப்பத்தில் குடியேறினோம். முதல் ஞாயிறு, செல்லிப்பட்டில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு விருந்து. வில்லியனூர் வரை அவர் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். அதன் பிறகு பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார்.

"இன்னாங்க ஆச்சி?"

"ஓரமா நிறுத்து."

கரும்புத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் கரும்புக்குக் கொடுத்துவிட்டு எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, "சட்னி ஒத்துக்கல போல" என்றார். சட்னி அவர் அரைத்தது.

வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டார். "இன்னாடா மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்குது?" என்று மகனைக் கேட்டவர், காரைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வண்டி இன்னா தரையில ஒக்காந்துனு இருக்குது? காத்து எறங்கிடுச்சா?"

அன்று அவர் இலையில் வைத்த மீன் குழம்பு அப்படியே இருந்தது.

அடுத்த முறையிலிருந்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் காரில் போவேன். அவர் ஸ்கூட்டரில் முன்னால் போவார். பாகூரில் என் அப்பா வீட்டுக்கும் அப்படித்தான், கோயிலுக்கும் அப்படித்தான். சிக்னலில் நின்றால் ஜன்னல் வழியாகப் பேசிக்கொள்வோம். எனக்கு அதில் குறையில்லை. ஆனால் பார்த்தவர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். ஒரு நாள் மாமியார் போன் செய்தார்.

"ரெண்டு பேருக்கும் இன்னா சண்டை? கல்யாணம் ஆயி மாசம் கூட ஆவல, தனித்தனி வண்டியில போறீங்களாமே?"

சண்டையில்லை அத்தை, வாந்தி என்று சொன்னேன். எதிர்முனையில் மிகுந்த சந்தோஷத்தோடு, "யாருக்கு?" என்றார். உங்கள் மகனுக்கு என்று சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலையே ஷாக் அப்சார்பரின் திருகுகளைத் தளர்த்தினேன். இறுக்கம்தான் வயிற்றைக் கலக்குகிறது, மெத்தென்று ஆக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கார் படகு மாதிரி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. எனக்கே சுகமாக இருந்தது. அவர் தெருமுனை தாண்டவில்லை.

"இதுக்கு முன்ன இருந்ததே தேவலாம்பா" என்றார், தண்ணீர் பாட்டிலைத் தேடியபடி. அவர் கணக்கு வாத்தியார். வாந்தி எடுத்த நிலையிலும் விளக்கம் தருவார். "தூக்கித் தூக்கிப் போடுறது எனக்கு ஒண்ணும் பண்ணல. மெதுவா மெதக்குது பாரு, அது ஆவல. அப்புறம் பின்னாடி மீன் வால் மாதிரி அசையுது. அது அன்னிக்கும் இருந்தது."

மீன் வாலா? எனக்குத் தெரிந்ததே இல்லை. ஸ்டியரிங் பிடித்திருப்பவளின் கை, அசைவு வருவதற்கு முன்பே அதைச் சரி செய்துவிடும். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் அதை முழுசாக வாங்கிக்கொள்வார்.

வீல் அலைன்மெண்ட் கடைக்குப் போனேன். ராம்ப்பில் ஏற்றும்போதே முன் பம்பர் உரசியது. கடைக்காரர் பலகைகளைப் போட்டுப் பொறுமையாக ஏற்றி, முன்சக்கரங்களைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். பின்சக்கரங்கள்? இந்த வண்டியில் பின்சக்கரத்தையும் திருப்பிச் சரிசெய்யத் திருகு இருப்பது அவர் மெஷினில் பதிவாகவில்லை, ரிஸ்க் எடுக்க முடியாது என்றார். நியாயம்தான்.

ஆகவே நாங்களே அளந்து பார்க்க அப்பாவின் நெற்களத்துக்குப் போனோம். பாகூரில் அவ்வளவு மேடு பள்ளமில்லாத சிமெண்ட் தரை வேறெங்கும் எனக்குத் தெரியாது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காரின் நான்கு மூலையில் வைத்து, பறக்காமல் இருக்கச் செங்கல் ஏற்றி, இரண்டு பக்கமும் நைலான் நூலை இழுத்துக் கட்டினோம். நூல் காருக்கு இம்மி பிசகாமல் நேராக நிற்க வேண்டும். அதைக் கணக்கு வாத்தியாரிடம் விட்டேன். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். ஓட்டுநர் எடையும் காருக்குள் இருக்க வேண்டும் என்பதால் அப்பாவைப் பிடித்து என் சீட்டில் உட்கார வைத்தோம்.

"ஆடாம ஒக்காருப்பா."

"எவ்ளோ நேரம்மா? நெல்லு மூட்ட வந்துடும், காய வைக்கணும்."

நூலுக்கும் சக்கரத்தின் விளிம்புக்கும் இருந்த இடைவெளியை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அளந்தோம். வலது பின்சக்கரம் சரி. இடது பின்சக்கரம் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அடியில் நுழைந்து பார்த்தேன். அதைப் பிடித்திருந்த போல்ட் நழுவியிருந்தது. நான்கு சக்கரமும் தள்ளும் காரில் ஒன்று மட்டும் வேறு திசை பார்த்தால், ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதும் பின்பக்கம் லேசாக நழுவி, பிறகு நேராகும். அவருடைய மீன் வால் அதுதான்.

போல்ட்டை மாற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் உட்பக்கம் பார்க்கத் திருப்பி, காரை முன்னும் பின்னும் தள்ளி, மறுபடி அளந்தோம். தள்ளியது அவர், உள்ளே அப்பா தேர் வடம் பிடிக்கிறவர்களுக்குச் சொல்வது போல, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஷாக் அப்சார்பரை, பள்ளத்தில் இறங்கும்போது இளகியும், எழும்பும்போது இறுகியும் இருக்கும்படி வைத்தேன். காரின் மூலையை அழுத்திவிட்டால் ஒரே எழும்பலில் அடங்கிவிட்டது.

நெல் மூட்டை வருவதற்குள் ஏரிக்கரை ரோட்டுக்கு ஓட்டிப் போனோம். அவர் மடியில் பிளாஸ்டிக் பை. நான் சாலையைப் பார்க்காமல் அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

"ரோட்டப் பாரு" என்றார்.

வேகத்தடைகள் போயின, வளைவு போனது. கரையில் கொக்குகள் எழும்பின. "இன்னாங்க?" என்றேன்.

"பசிக்குது."

வண்டியை நிறுத்திவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எதிரே டிராக்டரில் வந்தவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த போட்டியில் எனக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. இளகிய செட்டிங்கில் கூம்புகளுக்கு நடுவே கார் சற்றுத் தாமதமாகத்தான் திரும்பியது. போட்டிக்கு முந்தைய நாள் திருகுகளை இறுக்கி, மறுநாள் தளர்த்துவது என்று பிறகு பழகிக்கொண்டேன். இறுக்கிய அன்று அவர் பஸ்ஸில் வருவார்.

மழைக்காலம் முடிந்து ஏற்காடு போனோம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. மேலே போய், பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் இடத்தில் நிறுத்தி, இங்கே பாருங்களேன் என்று திரும்பினேன். வாயைத் திறந்துகொண்டு அடிவாரத்திலிருந்தே தூங்கிக்கொண்டிருந்தார்.