மகளின் காருக்கு நான் பார்த்த வேலை

நன்றாக ஓடுகிற காரை இன்னும் வேகமாக ஓட வைக்கிறேன் என்று, கார் திருத்துகிற கராச்சில் காசைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் இளக்காரம்தான். ஹோர்சன்ஸ் என்கிற டேனிஷ் நகரத்தில் எங்கள் தமிழ் ஆள் ஒருவர், ஏழு பேர் போகிற தன்னுடைய வான் வண்டிக்கு எஞ்சின் வலுவைக் கூட்டி எடுத்தார். கம்ப்யூட்டரைக் கொழுவி அரை மணி நேரத்தில் கூட்டிக் கொடுத்தார்களாம். அந்த வான் வீட்டிலிருந்து மரக்கறிக் கடைக்குப் போகும், கடையிலிருந்து வீட்டுக்கு வரும். பிறந்தநாள் விழாக்களில் அவர் அந்த வலுவைப் பற்றி அளக்கும்போது நான் கட்லட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன்.

தாங்களே பூட்டுகிறோம் என்று கிளம்புகிறவர்கள் அதைவிட மோசம். அடுக்குமாடிக் கார்த்தரிப்பிடத்தில் போனைச் சாத்தி வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் காருக்குக் கீழே கிடப்பார்கள். ஒருவர் அப்படித்தான் புதுப் புகைக்குழாய் ஒன்றைப் பூட்டினார். சத்தத்தில் முழுக் கட்டடமும் எட்டிப் பார்த்தது. வீட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, காரைப் பரிசோதிக்கிற இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். பழைய குழாயைப் பூட்டலாம் என்றால், அதை ஏற்கெனவே இரும்புக் குப்பையில் போட்டுவிட்டார்.

இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத ஒரே மனிதன் நான் என்பது என் எண்ணம். எனக்கு வேலை ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில். ஆனால் இந்த நாட்டில் நான் வைத்திருந்த எந்தக் காரையும் ஒரு மெக்கானிக்கும் தொட்டதில்லை. பிறேக், ஸ்பிரிங், எல்லாம் என் கைதான். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து காட்டுகிற ஸ்பானர் ஒன்று இருக்கிறது. அதை வாங்குகிறவர்களைப் பார்த்தும் சிரிப்பேன். மணிக்கட்டு என்று ஒன்றைக் கடவுள் எதற்காகத் தந்திருக்கிறார் என்று கேட்பேன்.

என் மகள் ரண்டர்ஸில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் வேலை. ஊரில் மற்றப் பெண்பிள்ளைகள் நகை சேர்க்க, இவள் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பந்தயத் திடலில் கொண்டுபோய்ச் சுற்றுவாள். போட்டி இல்லை, பரிசு இல்லை, காசு கட்டிவிட்டு வேகமாக ஓடுவது. அதைப்பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங்கும் பெரிய பிறேக்கும் போடப் போகிறாள் என்றதும் என் வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கராச்சிலை குடுத்திட்டன் அப்பா," என்றாள்.

"ஏன், நான் செத்தே போனன்?"

"இது ரோட்டிலை ஓடுற வேகம் இல்லை. அதையே வேலையா செய்யிற ஆக்கள் செய்யட்டும்."

அந்தக் கராச்சை நான் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். காத்திருக்கிறவர்களுக்குச் சோபா, கோப்பி மெஷின், கார்ப் புத்தகங்கள். மெக்கானிக்கின் நகத்தில் அழுக்கே இல்லை. கோப்பிக்கும் சோபாவுக்கும் சேர்த்துத்தான் மணிக்கணக்கில் அறவிடுகிறார்கள் என்று வந்து மனைவியிடம் சொன்னேன். தலையில் மிளகாய் அரைக்கிறவர்களிடம் நான் பெற்ற பிள்ளையே குனிந்து கொடுக்கிறாள் என்றும் சொன்னேன்.

கராச் வேலை முடிந்து அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்தாள். தாயும் மகளும் என் காரில் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்குப் போனார்கள். எனக்கு முதுகு நோகிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். அவளுடைய கார் என் வாசலில் நின்றது. என் மனைவி போகும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அது காசு குடுத்துச் செய்த வேலை. சும்மா கையை வைக்காதேங்கோ," என்றாள்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் ஜக்கை எடுத்தேன். டயரோடு இடது முன் சில்லைக் கழற்றி டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். நான் தேடியது பிழை. ஏதாவது ஒன்று, ஒரு கீறல் போதும். ஒன்றும் அகப்படவில்லை. போல்ட்டுகளில் மட்டும் மஞ்சள் பெயின்ற் இழுபட்டிருந்தது; ஸ்பிரிங் தண்டைப் பிடித்திருக்கிற பெரிய போல்ட்டிலும் அப்படித்தான், பக்கத்து இரும்பு வரைக்கும். இவ்வளவு காசுக்கு இந்த ஊத்தை வேலையா என்று மனது குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். உள்ளே எப்படி என்று பார்க்க அந்தப் போல்ட்டைத் திறந்தேன். திறக்கவே மூச்சு வாங்கியது. மெஷினைக் கொண்டு கண்மூடித்தனமாக இறுக்கியிருக்கிறான்கள், கையால் வேலை தெரிந்தவன் இப்படிச் செய்வானா என்று திட்டிக்கொண்டு, என் மணிக்கட்டு சொன்ன அளவுக்கு அதைத் திரும்ப இறுக்கினேன். வந்துகொண்டிருக்கிறோம் என்று போன் வந்தது. சில்லைப் பூட்டி, கையைக் கழுவி, முதுகைப் பிடித்தபடி சோபாவில் படுத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் பந்தயத் திடலிலிருந்து போன் எடுத்தாள்.

"முன்னுக்கு டக்கெண்டு ஒரு சத்தம், அப்பா. திரும்பேக்கை கார் ஒரு பக்கம் இழுக்குது. பாதியிலை வெளியிலை எடுத்திட்டன்."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோசம். நான் சொன்னேனே என்கிற சந்தோசம். நான் திறந்த போல்ட் ஞாபகத்துக்கே வரவில்லை. என் கை பட்ட இடத்தில் பிழை வரலாம் என்று நினைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. காரை அவள் கட்டி இழுப்பித்துக் கராச்சில் விட்டாள். திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு, ரயிலில் அவளிடம் போய், அவளோடு கராச்சுக்குப் போனேன். அந்தச் சுத்தக் கைக்காரனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். வழி முழுக்க அதை டேனிஷில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கார் லிஃப்டில் உயரத்தில் நின்றது. மெக்கானிக் எங்கள் இருவரையும் அதற்குக் கீழே கூட்டிக்கொண்டு போனான். வலது பக்கத்துப் போல்ட்டைக் காட்டினான். அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே நேராக மஞ்சள் கோடு. அளந்து இறுக்கி முடித்ததும் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கோடு போடுவோம் என்றான். பிறகு இடது பக்கத்தைக் காட்டினான். போல்ட்டில் பாதிக் கோடு ஒரு பக்கம், இரும்பில் மீதிப் பாதி வேறு பக்கம்.

"நாங்கள் கொடுத்த பிறகு யாரோ இதைத் திறந்திருக்கிறார்கள்," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. "இந்தப் போல்ட்டை ஒருமுறைதான் பாவிக்கலாம். திறந்தால் புதிது போட வேண்டும்."

மகள் அந்தக் கோட்டை நிறைய நேரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் திறந்தேன்," என்று டேனிஷில் சொன்னாள். "சரியா இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன்."

அவன் அவளுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினான். ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிற மாதிரி, மெதுவாக, மரியாதையாக. சந்தேகம் வந்தால் இங்கே கொண்டு வாருங்கள், பார்ப்பதற்குக் காசு எடுக்க மாட்டோம் என்றான். வீட்டில் செய்து பார்க்கிற வேலை இது இல்லை என்றான். அவள் தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டாள். அவ்வளவும் எனக்குச் சேர வேண்டியது. நான் அவர்கள் தந்த கோப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன். வானுக்கு வலுக் கூட்டின மனிதர்கூட இப்படி ஒரு கேவலமான வேலை செய்திருக்க மாட்டார். அவர் தன் காசைத்தான் வீணாக்கினார்.

புதுப் போல்ட் போட்டு முடிய ஒரு மணி நேரம் ஆனது. அவள் தன் காரிலேயே என்னைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினாள். நான் கார்க் கதவைத் திறந்தபோதுதான் சொன்னாள்.

"அந்தச் சத்தம் கேக்கேக்கை நேர்ப்பாதை முடியிற இடத்திலை நூற்றி அறுபதிலை போனனான், அப்பா. அங்கைதான் பிறேக் அடிக்க வேணும்."

"நான் வேணுமெண்டு..." என்று தொடங்கினேன்.

"தெரியும். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, அவ பயந்திடுவா."

அடுத்த ஞாயிறு மகள் ரயிலில் வந்தாள். ஸ்டேஷனிலிருந்து மழைக்குள் நடந்து வந்திருந்தாள், சப்பாத்தெல்லாம் ஈரம். கார் எங்கே என்று தாய் கேட்டதற்கு, ரயில் சுகம் அம்மா, புத்தகம் வாசிச்சுக்கொண்டு வரலாம் என்றாள். அன்றிலிருந்து ரயில்தான். காரை அவள் விற்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இன்னும் திடலில் ஓடுகிறாள், படங்களைத் தாய்க்கு அனுப்புகிறாள். என் வாசலுக்கு மட்டும் அதைக் கொண்டு வருவதில்லை.