கண்ணில் இடித்த சல்யூட்

பட்டாளத்தில் அவனுக்கு வைத்த பெயர் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு கனம். ஆனால் லாரி ஓட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சேறோ மேடோ, வண்டி மாட்டிக்கொண்டால் "சோடாபுட்டியைக் கூப்பிடு" என்பார்கள். எல்லாம் அந்த விஷவாயு ஒத்திகை வரும்வரைதான். வாயு முகமூடிக்குள் கண்ணாடி நுழையாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகமூடியை மாட்டினான், வண்டியைப் பின்னால் எடுத்தான், முகாமின் தண்ணீர்த் தொட்டி படுத்துவிட்டது. அன்று ஒருத்தருக்கும் குளியல் இல்லை.

கர்னல் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கண்ணைச் சரிபண்ணிட்டு வா. இல்லேன்னா ஸ்டோர்ல உக்காந்து போர்வை மடி" என்றார். ஸ்டீயரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாதவனுக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்?

மனைவி போனிலேயே அழுதாள். "கண்ணுல போய் யாராவது விளையாடுவாங்களா? போர்வைதானே, மடிச்சுட்டுப் போங்களேன். அது என்ன உங்களைக் கடிக்கவா போகுது?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இரு" என்று போனை வைத்தான். வைத்த கையோடு கண் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தான்.

ராணுவ ஆஸ்பத்திரியின் கண் டாக்டரம்மா மேஜர் பதவியில் இருப்பவர். இரண்டு கண்ணிலும் கருவிழிமேல் மெல்லிய படலத்தைச் சீவித் திறந்து, லேசர் காட்டி, பழையபடி மூடிவைத்தார். தையல் கிடையாது. படலம் தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும்.

"அரிச்சாலும் சரி, உறுத்தினாலும் சரி, கை மட்டும் படக்கூடாது. பட்டா படலம் நகர்ந்துடும். புரியுதா டிரைவர்?"

"புரியுது மேடம்."

புரிந்து என்ன பிரயோஜனம்? மறுநாள் காலையில் சொட்டு மருந்து விடுவதற்காகக் கண்ணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தின் முள் கண்ணாடியில்லாமலே தெரிந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். அந்த நேரம் பார்த்தா கர்னல் வார்டுக்குள் வரவேண்டும்? நோயாளிகள் எழுந்திருக்க வேண்டாம் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். உடம்புக்குப் படிக்கத் தெரியுமா? துள்ளி எழுந்தான். கை தானாகப் பறந்தது. கண்ணெல்லாம் மருந்து, கட்டிலில் கால் இடறியது, நெற்றிக்குப் போகவேண்டிய விரல் விறைப்பாக வலது கண்ணில் போய் இடித்தது.

"எப்படி இருக்கு?" என்றார் கர்னல்.

"நல்லா இருக்கு சார்!" கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"நல்லதுதானே நடந்திருக்கு, இதுக்கு ஏம்ப்பா அழறே?" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அட மகராசா!

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ கலங்கிக் கிடந்தது. டாக்டரிடம் சொல்லலாமா? சல்யூட் அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் என்று முகாமே கைகொட்டிச் சிரிக்கும். ஸ்டோர் உறுதி. சொல்லாமல் விட்டால் தானாகச் சரியாகிவிடாதா? கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். அப்போது மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி மூச்சு வாங்குது? மரியாதையா சொல்லுங்க."

சொன்னான். அந்தப் பக்கமிருந்து வந்ததே ஒரு கத்தல்! "இன்னும் ஏங்க என்கிட்ட பேசிட்டு நிக்கறீங்க? ஓடுங்க டாக்டர்கிட்ட!"

ஓடினான். படலம் மடங்கியிருந்தது. டாக்டரம்மா திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. திட்டிக்கொண்டே படுக்கவைத்து, படலத்தைத் தூக்கிக் கழுவி, நீவி மூடினார். "இன்னும் லேட் பண்ணியிருந்தா சுருக்கம் அப்படியே நின்னுபோயிருக்கும்" என்றார். அன்று தூங்கப்போகும்போது, தன் கைகளைக் கட்டிலோடு கட்டிவிடும்படி அவனே நர்ஸைக் கேட்டுக்கொண்டான்.

சில நாள் கழித்துப் பார்வைப் பரிசோதனை. எழுத்துப் பலகையை இடது கண் கடகடவென்று படித்துவிட்டது. வலது கண் மேல்வரிகளில் தட்டுத் தடுமாறி நடந்து, கீழே வந்ததும் நின்றுவிட்டது. ஆனால் வாய்க்குத் தெரியும். அந்தப் பலகையின் கடைசி வரி முகாமில் எல்லா டிரைவருக்கும் மனப்பாடம். வருஷாவருஷம் பரிசோதனைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பார்த்துக்கொள்வார்கள். எழுத்துகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொல்லிவிட்டால் ஸ்டீயரிங் கைக்கு வந்துவிடும். ஆனால் அவனை நம்பி லாரியின் பின்னால் ஜவான்கள் தூங்கிக்கொண்டு வருவார்களே, அவர்கள் கதி?

"மேடம், பலகையை மாத்துங்க. இது எனக்கு மனப்பாடம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு மட்டுமா, எல்லா டிரைவருக்குமா?"

"என்னைப் பத்தி மட்டும் கேளுங்க மேடம்." புதுப் பலகை வந்தது. கண்ணை இடுக்கினான், விரித்தான்.

"தெரியல மேடம்."

"ஆறினா தெளியலாம். தெளியும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். அதுவரைக்கும் வண்டி கிடையாது."

வராந்தாவுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டான்.

"வண்டி தர்றாங்களா?"

"இப்ப இல்ல."

"கண்ணு?"

"இருக்கு" என்றான். "அது ஆறுறவரைக்கும் போர்வை மடிக்கப் போறேன்."