மைனஸ் இருபதிலை ஒரு சாரம்

ஹீற் பம்ப் பூட்டுற வேலையிலை மெசினைப் பூட்ட ரெண்டு நாள் காணும். வீட்டுக்காரரை நம்பவைக்க ஒரு முழு வருசம் வேணும். ஆக்களின்ரை வாசலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, ஓட்டை விழுந்த சொக்ஸோடை பேஸ்மென்ற் படியிறங்கிப் பிழைக்கிற சகோதரங்களே, உங்களுக்குத் தெரியாத துன்பம் ஒண்டையும் நான் சொல்லப்போறேல்லை. ஆனால் இந்தக் குளிர் நாட்டிலை, வோபர்ன் எண்ட பக்கம் ஒரு வீடு இருக்கு. அதை நினைச்சால் எனக்கு இந்த வேலையிலை ஒரு பெருமை வரும்.

வாய் குடுத்த கதை

சித்திரை மாசம். நானும் என்னோடை வேலை செய்யிற மன்னார் அன்ரனும் அந்த வீட்டுக்கார ஜெயந்தி அக்காவிட்டைப் போனம். சோபாவிலை அவவின்ரை மனுசன் ரத்தினம் அண்ணை. ரெண்டு சுவெற்றர், கம்பளித் தொப்பி, அதுக்கு மேலை ஒரு போர்வை. இருதய ஒப்பரேசன் முடிஞ்ச நாளிலை இருந்து மனுசனுக்குக் குளிர் தாங்கேலாது. வீட்டைச் சூடாக்கிற பழைய காஸ் ஃபேர்னஸ் மூசி மூசி ஊதும், பிறகு படுத்திடும். அண்ணை வேர்ப்பார், பிறகு நடுங்குவார். "இவர் இந்த வீட்டிலை மனுசரைப்போல இருக்கவேணும், அவ்வளவுதான்" எண்டா அக்கா.

நான் விளங்கப்படுத்தினன். ஒரே மெசின்தான், வெய்யிலுக்கு வீட்டுச் சூட்டை வெளியிலை தள்ளும், குளிருக்கு வெளியிலை இருக்கிற சூட்டை உள்ளுக்கை இழுக்கும். "மைனஸ் இருபதிலை வெளியிலை எங்கை தம்பி சூடு கிடக்கு?" எண்டு கேட்டா அக்கா. கேள்வி எண்டால் கேள்வி! கடுங்குளிர்க் காத்துக்குள்ளையும் கொஞ்சம் சூடு இருக்கு, அதை இழுத்தெடுக்கத்தான் இந்த மெசின் எண்டு சொல்லி நிப்பாட்டியிருக்கலாம். என்ரை வாய் சும்மா கிடக்குமோ? "வாற தையிலை அண்ணை இடுப்பிலை சாரமும் மேலை பெனியனுமா இருப்பார், பாருங்கோ" எண்டிட்டன். அன்ரன் என்ரை காலை மிதிச்சான். அக்கா சிரிக்கேல்லை.

"நான் சாரத்தைத் தோய்ச்சு மடிச்சு வைக்கிறன் தம்பி, அவர் கட்டாட்டி, நீர் அதைக் கட்டிக்கொண்டு ஸ்னோவுக்கை நிக்கவேணும்!"

மோர்மிளகாய்

மெசினைப் பூட்டி முடிச்ச பிறகு, ஆவணி வெக்கையிலை ஒருக்கால் பாத்திட்டு வருவம் எண்டு போனன். வீட்டுக்குள்ளை நல்ல குளுமை, அண்ணை நல்ல நித்திரை. பின்வளவுக்குப் போனால், ஐயோ! மெசினின்ரை வெளியிலை நிக்கிற பெட்டிக்கு முன்னாலை ஒரு கதிரை, கதிரையிலை சுளகு, சுளகு நிறைய மோர்மிளகாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. காத்துப் போற வழியை மறிக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்! கத்துவம் எண்டு வாயைத் திறந்தால், கதிரை பெட்டியிலை இருந்து நல்லாத் தள்ளி நிக்குது; காத்துக்கு ஒரு மறிப்பும் இல்லை. மிளகாய் மட்டும் சருகாக் காஞ்சு கிடக்கு. இதுக்கெண்டே படிச்சுப் பாஸ் பண்ணின எனக்கு இந்த யோசினை வந்திருக்காது, உண்மையைச் சொல்லுறன். அக்கா பின்னாலை வந்து நிண்டா.

"வீட்டிலை இருந்து கலைச்ச சூடு சும்மாதானே போகுது, அதுக்கும் ஒரு வேலை குடுத்தன்."

படங்கு

கார்த்திகையிலை முதல் ஸ்னோ விழுந்த கிழமை அக்கா கோல் எடுத்தா. "தம்பி, மெசின் ஊதுற காத்துக் குளிருது. இவர் திரும்பப் போர்வைக்குள்ளை போயிட்டார்." வானை விரட்டிக்கொண்டு போனம். பின்வளவிலை மெசினைக் காணேல்லை! நீலப் பிளாஸ்ரிக் படங்காலை சுத்தி, அதுக்கு மேலை ஒரு பழைய போர்வையும் போத்து, கயித்தாலை வரிஞ்சு கட்டிக் கிடக்கு. காத்து இழுக்க ஏலாமல் மெசின் நிண்டிட்டுது. இஞ்சை வருசா வருசம் குளிர் தொடங்கினவுடனை ஏசிப் பெட்டியை மூடிக் கட்டுறது வழக்கம். ஏசி குளிருக்குப் படுக்கும். இது குளிருக்குத்தான் உழைக்கும். "உதை ஆர் கட்டினது?" எண்டு நான் போட்ட சத்தத்திலை பக்கத்து வீட்டு நாயும் குலைச்சுது.

யன்னலுக்கு அங்காலை நிண்டு ரத்தினம் அண்ணை கையைத் தூக்கினார். ஒப்பரேசனுக்குப் பிறகு மனுசன் தனிய வெளியிலை வந்து செய்த முதல் வேலை அதுதான். முந்தி லொறி ஓடினவர். அவர் போட்ட முடிச்சை அன்ரனாலை அவிழ்க்கவே ஏலேல்லை. என்ரை கோவம் எங்கை போச்சுதோ தெரியாது. எல்லாத்தையும் அவிழ்த்து, மெசின் திரும்ப இரையத் தொடங்கின பிறகு உள்ளை போய், இதை மூடக்கூடாது அண்ணை எண்டு மெல்லமாச் சொன்னன்.

"எனக்கு இவ போர்வை போத்துறா, என்னைக் காக்கிற அதுக்கு ஆர் தம்பி போத்துறது?"

முழுக்கு

மார்கழியிலை இன்னொரு கோல். பெட்டியிலை இருந்து வெள்ளையாப் புகை எழும்புதாம். புகை இல்லை அக்கா, மேலை பிடிச்ச ஐஸை அது தானே உருக்குது, அந்த ஆவிதான், கொஞ்ச நேரத்திலை திரும்ப வேலை செய்யும் எண்டன். வேறை ஆக்கள் எண்டால் சுடுதண்ணி கொண்டு ஓடியிருப்பினம். அக்கா யன்னலாலை பாத்துக்கொண்டே சொன்னா.

"ஓ, முழுகுதோ? முழுகிட்டு ஆறுதலா வரட்டும்."

சாரம்

தையிலை அந்த நாள் வந்துது. மைனஸ் இருபது. வேறை வீடுகளிலை இருந்து கோலுக்கு மேலை கோல். ஜெயந்தி அக்காவிட்டை இருந்து மட்டும் ஒண்டும் இல்லை. அதுதான் என்னைத் திண்டுது. பழைய ஃபேர்னஸை நான்தானே கழட்டிக்கொண்டு போனனான். அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தால் நான் எந்த முகத்தோடை முழிப்பன்? மத்தியானம் பொறுக்கேலாமல் அன்ரனையும் ஏத்திக்கொண்டு வானை வோபர்ன் பக்கம் திருப்பினன்.

கதவைத் திறந்தது ரத்தினம் அண்ணை. நீலக் கோடு போட்ட சாரம், வெள்ளைப் பெனியன். போர்வை இல்லை, தொப்பி இல்லை. "குளிர் வருது, கெதியா உள்ளை வாரும்!" எண்டு என்னைத்தான் பேசினார். ஊதுற காத்திலை கையை வைச்சன். சுடேல்லை, வெதுவெதுப்புத்தான், ஆனால் நிப்பாட்டாமல் வந்துகொண்டே இருக்கு. வீடு முழுக்க ஒரே அளவான சூடு. எனக்குக் கண் கலங்கிட்டுது, நான் மறைக்கேல்லை. அக்கா சோறும் பொரிச்ச மோர்மிளகாயும் கொண்டு வந்து வைச்சா.

எதுக்கும் அளந்து பாப்பம் எண்டு தோள் பாக்குக்குள்ளை கையை விட்டு வெப்பமானியை இழுத்தன். அதோடை சேந்து என்ரை பழைய சாரம் வெளியிலை வந்து விழுந்துது. காலமை வெளிக்கிடேக்கை, அண்ணை கட்டாட்டி நான் கட்டிக்கொண்டு ஸ்னோவுக்கை நிக்கத்தானே வேணும் எண்டு மடிச்சு வைச்சது. அன்ரன் முகட்டைப் பாத்தான். அக்கா குனிஞ்சு சாரத்தை எடுத்து, ஒருக்கால் உதறி, என்னைப் பாத்தா.

"அப்ப தம்பி, சித்திரையிலை இருந்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சது நீரே நம்பாத கதையோ?"

பூட்ட ரெண்டு நாள், வீட்டுக்காரர் நம்ப ஒரு வருசம். பூட்டினவன் நம்ப அதுக்கும் மேலை ஒரு மத்தியானம் வேணும்.