பீரோவுக்குள் எரிந்த பல்பு

விடியற்காலை மழையில் கரண்ட் போனது. ஒன்பது மணிக்கு நான் தேயிலை ஃபேக்டரி ஆபீசைத் திறந்தபோது கரண்ட் வந்திருந்தது. என் கம்ப்யூட்டர்கள்தான் வரவில்லை.

அவை மெய்நிகர் கணினிகள். தோட்டத்து லைன் வீடு ஒன்றிலேயே நான்கு குடித்தனம் வைத்ததுபோல, பீரோவுக்குள் இருந்த ஒரே சர்வரில் நான்கு கணினிகளைக் குடிவைத்திருந்தேன். நான்கின் பெயருக்கும் எதிரே ‘அணுக முடியவில்லை’ என்றது திரை.

எதிரே கொழுந்து பறிக்கும் அக்கா காத்திருந்தார். ஐந்து வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். அப்போது கொடுத்த, போட்டோ ஒட்டிய குடும்ப அட்டை போன வருட மழையில் கூரையோடு போய்விட்டது. மிச்சம், நான் ஸ்கேன் செய்து நான்காவது கணினியில் வைத்த நகல் மட்டும். அதைக் காட்டி வாங்க வேண்டிய வீட்டுமனைப் பட்டாவுக்கு, ஊட்டியில் அன்றுதான் கடைசிச் சரிபார்ப்பு. ஊட்டி பஸ் பதினொன்றே காலுக்கு.

“வந்திருச்சாங்க ஐயா?”

“இதா வந்துருமுங்க அக்கா.”

சர்வரை அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். மூன்றாவது முறை திருநீறு பூசிக்கொண்டு போட்டேன். சர்வருக்குப் பக்தி இல்லை.

“ஏன் ஐயா, இந்தக் குளிருல ஒங்களுக்கு மட்டும் வேர்க்குது?”

“மெஷின் சூடுங்க அக்கா.”

“மெஷினுதான் ஓடலியே.”

பத்தே முக்கால். விரல் நுனிகள் மட்டும் குளிரில் விறைத்திருந்தன. பீரோவுக்குள் எரிந்த பல்பில் காய்ச்சிக்கொள்ளக் கையை நீட்டினேன். பூஞ்சை பிடிக்காமலிருக்க எங்கள் மலையில் துணி பீரோவில் பல்பு எரியவிடுவார்கள். அதே மரியாதையைச் சர்வருக்கும் செய்திருந்தேன். நீட்டிய கையின் முழங்கை, கீழிருந்த டிஸ்க் பெட்டியில் பட்டது. சில்லென்றிருந்தது. அந்த நான்கு கணினிகளின் மொத்தச் சரக்கும் அதற்குள்தான். ஆனால் அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

யுபிஎஸ்ஸில் பல்புக்கு இடமில்லையென்று டிஸ்க் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் மாட்டிய மகான் நானேதான். கரண்ட் போய் வந்ததில் அந்தச் சுவர் லைன் மட்டும் ட்ரிப் ஆகிக் கிடந்தது.

யுபிஎஸ்ஸிலிருந்து பல்பைப் பிடுங்கி அங்கே பெட்டியை மாட்டினேன். முதலில் பெட்டி எழ வேண்டும், அப்புறம்தான் சர்வர். அவசரக் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சர்வரை அணைத்துப் போட்டேன். ஒரு கணினி வந்தது. இரண்டு, மூன்று. நான்காவது, டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று இழுத்தது. பாதியில் கரண்ட் போனதில் படம் சிதைந்திருந்தால்? அக்காவின் முகத்தைப் பார்க்காமலிருக்கச் சுவர்க் காலண்டரைப் படித்தேன்.

வளைவில் பஸ் ஹாரன். பிரிண்டர் கனைத்தது. எண்ணெய் வழியும் தலையோடு, முறைத்துக்கொண்டு, ஐந்து வயதுச் சிறுமி தாளில் வந்து விழுந்தாள். அக்கா அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் ஆபீஸ் ஜன்னலைத் தட்டினார்.

“பாத்துட்டாங்க ஐயா. பேரு ஏத்தியாச்சு. நாளைக்கு இன்னொரு காப்பி வேணுமாம்.” பீரோவை எட்டிப் பார்த்தார். “அந்த பல்ப மட்டும் மாட்டிராதீங்க.”

அப்போதே நான்கு காப்பி எடுத்துக் கையில் கொடுத்தேன்.