கேட் பட்டியலில் இல்லாத பெயர்

தொண்ணூற்றேழு என்று நினைவு. பங்குனி வெயில். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில் அப்போது இருந்த ஒரு நூல் மில்லில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், மூன்று கம்ப்யூட்டர்கள், கீச்சுக்கீச்சென்று கத்துகிற ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். மில்லிலேயே ஏசி இருந்த ஒரே அறை அது என்பதால், மானேஜர் மத்தியானம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து உட்காருவார். எனக்கு வயது இருபத்து மூன்று. தலைக்கனம் வயதுக்கு மேலேயே இருந்தது.

நான் சேர்வதற்கு முன் அங்கே வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் டைம் ஆபீசில், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவேட்டில் குறிப்பார்கள். அதைப் பார்த்துக் கேட்டுக்கு ஒரு பட்டியல், கேன்டீனுக்கு ஒன்று, மில் பஸ்ஸுக்கு ஒன்று. சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து பத்து நாள் வராதவர்களுக்கு ஆபீசிலிருந்து பெயர் நீக்கக் கடிதம் போகும். காலியான அந்த நிரந்தர இடம், யாராவது வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கிற பதிலித் தொழிலாளிகளின் வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போகும். ஒரே பெயரை நான்கு இடத்தில் நான்கு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையையும் நான் ஒரே புரோகிராமுக்குள் கொண்டுவந்தேன். வருகையைப் பதிந்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் போதும். கேட் பட்டியலில் தொடங்கி, பெயர் நீக்கக் கடிதம், அடுத்த பதிலிக்கு நியமன உத்தரவு வரை தானாகவே அச்சாகி விழும். எள் என்றால் எண்ணெயாக நிற்கும். மானேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து காட்டுவார். நானும் சளைக்காமல் தட்டிக் காட்டுவேன்.

பழைய பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்தவர் டைம் கீப்பர். முப்பத்தைந்து வயது இருக்கும், எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனிதர். அந்தப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே பென்சிலால் ஒரு குட்டி இலை வரைந்திருந்தது. வேலை இல்லாத நேரத்தில் படம் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "அது ஆத்தா லீவும்மா" என்றார். வீட்டில் அம்மை போட்டிருந்தால் அந்த இலை. அவர்கள் திரும்பி வந்ததும் லீவு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, இலையை ரப்பரால் அழித்துவிட்டு மையால் லீவு என்று போடுவாராம். அதுவரை பெயர் நீக்கக் கணக்கில் அவர்களைச் சேர்க்க மாட்டாராம்.

"முன்கூட்டியே லெட்டர் வாங்க மாட்டீகளா?" என்று கேட்டேன்.

"ஆத்தா வரப்போறேன்னு லெட்டர் போட்டுட்டா வருது? மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் அந்த வீட்டுலேருந்து யாரும் வெளிய வரமாட்டாக, யாரும் உள்ள போகவும் மாட்டாக. மில் பஸ்ஸுல வர்ற புள்ளைக வாசல்ல வேப்பிலையப் பாத்துட்டு வந்து சொல்லும். நான் இலையப் போட்டுருவேன்."

இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் எனக்கு அம்மை கண்டபோது மாதா படத்துக்குக் கீழே வேப்பிலைப் பாயில்தான் கிடந்தேன். எல்லாம் தெரிந்திருந்தும், கடிதம் இல்லாவிட்டால் லீவு இல்லை என்று முடிவு செய்தேன். லீவு என்று பதிந்தால் கடித எண்ணைக் கேட்கும்படி புரோகிராமை எழுதினேன். எண் இல்லாவிட்டால் "வரவில்லை" என்றுதான் பதிய முடியும். டைம் கீப்பர் சிரித்துக்கொண்டே, "உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை அம்மை போட்டாத்தான் புரியும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த வாரம் அவரைப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பங்குனியில் ஒருநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது, கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நெற்குப்பையிலிருந்து வருகிறவர். முகத்திலும் கையிலும் அம்மைத் தழும்பு இன்னும் புதிதாக இருந்தது. முதலில் குழந்தைக்குப் போட்டு, அதற்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் இவருக்கும் போட்டுவிட்டதாம். பதினெட்டு நாள் கழித்து வந்திருக்கிறார். மில் பஸ்ஸில் பெயர் இல்லை என்றதால் டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். இங்கே வாட்ச்மேன் கையிலிருந்த பட்டியலிலும் பெயர் இல்லை.

"கேட்டுல எம்பேரு இல்லேங்கிறாக மேடம். தப்பா அடிச்சுட்டீகளா?" என்று கேட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாம் கச்சிதமாக நடந்திருந்தது. பதினோராம் நாள் கடிதம் அச்சாகிப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. வாசலில் வேப்பிலையைப் பார்த்த தபால்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் வராததால் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த உறை இரண்டு நாளாக என் மேஜையில்தான் கிடந்தது. நான் பிரிக்கக்கூட இல்லை. அவருடைய இடம் நாலு வருஷமாகப் பதிலியாக இருந்த இன்னொரு பெண்ணுக்கு நிரந்தரமாகப் போயிருந்தது. புருஷன் விட்டுப் போன பிறகு அந்த ஒரு வேலையை வைத்துத்தான் நெற்குப்பைக்காரர் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார்.

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, பாவப்படத்தான் செய்தார். ஆனால் ஒருவருக்கு நிரந்தர உத்தரவு கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கினால் யூனியன் வரிந்துகட்டிக்கொண்டு வரும், வேண்டுமானால் இவரைப் பதிலி வரிசையில் கடைசியில் போடலாம் என்றார். அதன் பிறகு, "கம்ப்யூட்டர் சரியாத்தானம்மா செஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன். தப்பு நான் எழுதியதில் இருக்கிறது என்று சொல்ல அதுதான் சமயம். வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம்.

மறுநாள் மத்தியானம், அந்த நிரந்தர வேலை கிடைத்த பெண் என் அறைக்கு வந்தார். தலையெல்லாம் பஞ்சு. ஏசி அறை என்பதால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். வேலை கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"எனக்குக் குடுத்தது நெற்குப்பை அக்காவோட இடமாமே? பஸ்ஸுல சொன்னாக."

விதிப்படி அது உங்கள் இடம்தான், யாரும் பிடுங்க முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "விதி இருக்கட்டும் மேடம். எனக்கு வேணாம்னு எழுதித் தாரேன், வாங்கிக்கிருவீகளா?" என்றார்.

சாமிக் குத்தம் வந்துவிடும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்து, அதையும் வாய்விட்டுக் கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. நாளைக்கு எம் புள்ளைக்குப் போட்டாலும் நானும் இப்படித்தானே வீட்டுல கெடப்பேன்? அப்ப எவளாவது வந்து என் தட்டுல கைய வச்சா எனக்கு எப்படி இருக்கும்?"

அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாலே வரிதான். கீழே எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மணியடிக்கப் போகிறது என்று ஓடிவிட்டார். மானேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். யூனியன் ஆளைக் கூப்பிட்டார், அவரும் படித்துவிட்டுச் சரி என்றார். இரண்டு நாளில் நெற்குப்பைக்காரர் தன் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் பேசிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

கிடைத்த வேலையை ஒருவர் திருப்பிக் கொடுப்பார் என்று என் புரோகிராம் எதிர்பார்க்கவில்லை. நிரந்தரமானவரைத் திரும்பப் பதிலியாக மாற்ற அதில் வழியே இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகக் கையால் மாற்றினேன். திருப்பிக் கொடுத்தவரைப் பதிலி வரிசையில் பழையபடி முதலில் வைத்தேன். பெயர் நீக்கக் கடிதம் இனித் தானாக அச்சாகாமல், டைம் ஆபீசில் ஒருவர் விசாரித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சாகும்படியும் செய்தேன். அதற்கு ஆள் வேண்டும் என்று டைம் கீப்பரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வந்த அன்றே, "என்ன, கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்டார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

கதை இதோடு சுபமாக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன் பிறகு நூலுக்கு விலை இல்லை என்று மில்லில் ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நான் அங்கே இருந்த அடுத்த மூன்று வருஷத்தில் ஒருவரைக்கூட நிரந்தரமாக்கவில்லை. வரிசையில் முதல் ஆளாகவே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். யாராவது வராத நாளில் வேலை, மற்ற நாளில் திரும்பிப் போவது. எனக்கோ சம்பளம் இரண்டு தடவை உயர்ந்தது. மெட்ராசில் பெரிய கம்பெனியில் வேலையும் கிடைத்தது. நான்கு பிரிவு வேலையை ஒரே பட்டனில் முடித்தவள் என்று என் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

மில்லை விட்டுப் போகிற அன்று கேட்டருகே அவரைப் பார்த்தேன். அன்றும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மனசு கேட்காமல், அன்றைக்கு நடந்தது கம்ப்யூட்டர் செய்ததில்லை, இலைக்கு அர்த்தம் தெரிந்தே நான்தான் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். மானேஜரிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அன்னைக்கே தெரியும் மேடம். நான் சொல்லச் சொல்ல எழுதுனீகளே, ஒருவாட்டி கூட எம் முகத்தை நிமிந்து பாக்கலையே" என்றார். பஸ் வந்தது. "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இன்றும் என் வேலை அதேதான். ஓர் ஆபீசில் பத்துப் பேர் செய்வதை இயந்திரம் தானாகச் செய்ய வைப்பது. ஒவ்வொரு தடவையும், முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான் செய்த தப்புக்கு எனக்கு ஒரு நாள் சம்பளம்கூடக் குறையவில்லை, எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பெண்தான் தன் வேலையைக் கொடுத்து அதைச் சரி செய்தார் என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தவறாமல் ஞாபகம் வருகிறது.